‘ஷூட் அவுட்’ என்றால் என்ன?

காசிமேட்டில் ஒரு டீக்கடை. காலை நேரம். மீன் ஏலம் முடிந்து, கூடைக்காரப் பெண்கள் போய்க்கொண்டு இருந்தார்கள்.

கடை பெஞ்சில் ஒரு பெரியவர் பத்திரிகை படித்துக்கொண்டு இருந்தார். உரக்கத்தான் படித்தார். நாலைந்து பேர் டீயைக் குடித்தபடி கேட்டுக்கொண்டு இருந்தார்கள். அவருடைய பேரன் பக்கத்தில் நின்று பன் தின்றுகொண்டு இருந்தான். வயது பத்து இருக்கும்.

“வடக்கே ஏதோ ஊர்ல ஷூட் அவுட்டாம்” என்றார் பெரியவர்.

பையன் சட்டென்று திரும்பினான்.

“யாரு ஜெயிச்சாங்க தாத்தா?”

கடையே சிரித்தது. பெரியவரும் சிரித்தார்.

“டேய், இது ஃபுட்பால் இல்லடா. துப்பாக்கியால சுட்டுக்கிட்டாங்க. ஒருத்தன் செத்துட்டான்.”

பையன் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தான்.

“சுட்டுக்கிட்டாங்கன்னா, அவங்களும் சுட்டாங்களா? இவங்களும் சுட்டாங்களா?”

பெரியவர் பத்திரிகையை மறுபடியும் பார்த்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

“அதைப் போடலியேடா” என்றார்.

அதோடு பேச்சு முடிந்தது. டீ ஆறிவிடும் அல்லவா?

பையன் கேட்டது சின்னக் கேள்வி. ஆனால் நீதிபதிகளும் விசாரணைக் கமிஷன்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்கும் கேள்வியும் அதுதான். அந்த ஒரு கேள்விக்குள்தான் ‘ஷூட் அவுட்’ என்ற சொல்லின் பொருள் முழுவதும் இருக்கிறது.

சுடுவதில் எத்தனை வகை!

தமிழில் ‘சுடு’ என்பது வீட்டுச் சொல். பாட்டி வடை சுடுகிறாள். அம்மா தோசை சுடுகிறாள். வெயில் சுடுகிறது. சென்னையில் பேனா காணாமல் போனால், “எவனோ சுட்டுட்டான்” என்கிறோம். துப்பாக்கிக்கும் அதே சொல்தான்.

ஆங்கிலத்திலும் இந்த வேடிக்கை உண்டு. ‘ஷூட்’ என்றால் சுடுவது. சினிமாப் படம் பிடிப்பதும் ‘ஷூட்டிங்’தான். “ஷூட்டிங் பார்க்கப் போகிறோம்” என்று பிள்ளைகள் சொன்னால் எந்தத் தாயும் பயப்படுவது இல்லை.

‘ஃபயரிங்’ என்று ஒரு சொல் உண்டு. அதற்கும் சுடுவது என்றுதான் பொருள். ஆனால் திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர் ஒருவர், “இன்னிக்கு மேனேஜர் ஃபயர் பண்ணிட்டார்” என்றால், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். திட்டு வாங்கி இருக்கிறார். அவ்வளவுதான்.

இனி ‘ஷூட் அவுட்’டுக்கு வருவோம்.

இதில் ‘அவுட்’ என்றால் கிரிக்கெட் ஆட்டத்தில் வரும் அவுட் அல்ல. ‘முடிவு தெரியும் வரை’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே, ஷூட் அவுட் என்றால் இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு, ஒரு முடிவு தெரியும் வரை நடத்தும் சண்டை.

இதில் இரண்டு விஷயம் இருக்கின்றன. ஒன்று, இரண்டு பக்கம் இருக்க வேண்டும். மற்றொன்று, இரண்டு பக்கமும் சுட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அது ஷூட் அவுட் அல்ல.

முப்பது விநாடிச் சண்டை

இந்தச் சொல் அமெரிக்காவில் இருந்து பரவியது. அதைக் கேட்டதும் பலருக்கு நினைவு வருவது கௌபாய் படம். குதிரை, தொப்பி, இடுப்பில் துப்பாக்கி. தமிழிலும் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’ போன்ற படங்கள் 1972-ம் ஆண்டில் வந்தன.

அமெரிக்காவில் நடந்த உண்மையான சண்டை ஒன்று உலகப் புகழ் பெற்றது. அரிசோனாவில் டூம்ஸ்டோன் என்று ஓர் ஊர். 1881-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி, அந்த ஊரில் ஓ.கே. கொரால் என்ற குதிரைத் தொழுவத்தின் பக்கத்தில், இரண்டு கூட்டம் எதிர் எதிரே நின்றது.

ஒரு பக்கம், ஊர்க் காவல் தலைவர் வர்ஜில் ஏர்ப். அவருடைய தம்பிகள் வயட், மார்கன். கூடவே டாக் ஹாலிடே என்ற பல் டாக்டர். மறுபக்கம், கிளான்டன், மக்லாரி குடும்பத்து மாட்டுக்காரர்கள்.

சண்டை எவ்வளவு நேரம் நடந்தது தெரியுமா? சுமார் 30 விநாடிதான்! சுமார் 30 குண்டுகள் பறந்தன. மூன்று பேர் செத்து விழுந்தார்கள். மூவரும் மாட்டுக்காரர் பக்கத்தைச் சேர்ந்தவர்கள்.

சினிமாவில் கதை இதோடு முடிந்துவிடும். 1957-ம் ஆண்டு இந்தச் சண்டையின் பெயரிலேயே ஹாலிவுட்டில் ஒரு படம் வந்து ஓகோ என்று ஓடியது. ஆனால் ஊரில் கதை முடியவில்லை.

“அவர்கள் கையைத் தூக்கி நின்றபோது சுட்டார்கள். இது கொலை!” என்று மறுபக்கத்தார் வழக்குப் போட்டார்கள். நீதிபதி ஸ்பைசர் ஏறக்குறைய ஒரு மாதம் விசாரித்தார். எதிர்ப் பக்கம் துப்பாக்கி எடுத்ததா? யார் முதலில் சுட்டது? செத்தவர் கையில் ஆயுதம் இருந்ததா? இவைதான் கேள்விகள்.

கடைசியில், ஏர்ப் சகோதரர்களை விசாரணைக்கு அனுப்பப் போதிய சாட்சியம் இல்லை என்று நீதிபதி முடிவு செய்தார்.

பாருங்கள்! சுட்டது 30 விநாடி. விசாரித்தது ஒரு மாதம். சுட்டவர் காவல் தலைவராக இருந்தும் விசாரித்தார்கள். காசிமேட்டுப் பையன் கேட்ட அதே கேள்வியைத்தான் அன்று நீதிபதியும் கேட்டார்.

பையன் நினைத்த ஷூட் அவுட்

பையன் கால்பந்து நினைவில் கேட்டான் அல்லவா? அது தவறு இல்லை. வட சென்னைப் பிள்ளைகளுக்குக் கால்பந்து உயிர். வியாசர்பாடியில் சந்துக்குச் சந்து பந்து உருளும்.

ஆட்டம் சமமாக முடிந்தால் ‘பெனால்ட்டி ஷூட் அவுட்’ வைக்கிறார்கள். இந்த முறைக்கு 1970-ம் ஆண்டு அனுமதி கிடைத்தது. உலகக் கோப்பையில் முதல் முறையாக 1982-ல் மேற்கு ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் நடுவே நடந்தது. 2022-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-க்கு 3 என்று நின்றன. பிறகு ஷூட் அவுட்டில் 4-க்கு 2 என்று அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கியது.

இந்த விளையாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு 5 உதை என்றால், அந்தப் பக்கத்துக்கும் 5 உதை. நடுவே நடுவர் நிற்கிறார். ஒரே பக்கம் பத்து முறையும் பந்தை உதைத்து, “ஷூட் அவுட்டில் ஜெயித்தோம்” என்றால் நம் பிள்ளைகள் விடுவார்களா? ஓடு ஓடு என்று விரட்ட மாட்டார்களா?

ராயபுரத்துப் பக்கம் வந்த பீரங்கி

வட சென்னைக்கு ஒரு பழைய பீரங்கிக் கதை உண்டு. அதையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

பாரிமுனையில் இருந்து ராயபுரம் போகும் வழியில் ‘கிளைவ் பேட்டரி’ என்று ஓர் இடம். பஸ்சில் போகிறவர்கள், “இங்கே பேட்டரி விற்ற கடை இருந்ததோ?” என்று நினைப்பது உண்டு. டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரி அல்ல அது. கடலைப் பார்த்துப் பீரங்கிகளை வரிசையாக நிறுத்தி வைக்கும் இடத்துக்கும் ஆங்கிலத்தில் ‘பேட்டரி’ என்றுதான் பெயர். பீரங்கி போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரவு 9 மணிக்கு மேல், எம்டன் என்ற ஜெர்மன் போர்க் கப்பல் இருட்டில் சென்னைக்கு எதிரே வந்து நின்றது. கப்பலின் தலைவர் பெயர் கார்ல் ஃபான் முல்லர்.

திடீர் என்று விளக்கைப் போட்டார்கள். துறைமுகத்தை நோக்கிச் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள்! பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலும் அடி பட்டது. சிலர் உயிர் இழந்தார்கள். ஒரு குண்டு ஐகோர்ட்டு வளாகத்திலும் விழுந்தது. அதற்கு அடையாளமாக மதில் சுவரில் கல்வெட்டு வைத்தார்கள்.

கரையில் இருந்தும் சில குண்டுகள் சுட்டார்கள். ஒன்றுகூட எம்டன் மேல் படவில்லை. அரை மணி நேரத்துக்குள் எம்டன் இருட்டில் மறைந்துவிட்டது. மறுநாள் முதல் ஊரே மூட்டை கட்டியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சென்னையை விட்டு ஓடின.

அன்று முதல் தமிழுக்கு ஒரு புதுச் சொல் கிடைத்தது. “அவன் பெரிய எம்டன்!” என்று இன்றும் சொல்கிறோம். பொல்லாதவன், கெட்டிக்காரன், எதிலும் சிக்காதவன் என்று பொருள். 2006-ல் ‘எம்டன் மகன்’ என்று பெயர் வைத்த ஒரு சினிமாப் படம், பிறகு ‘எம் மகன்’ என்று ஆயிற்று.

சென்னையில் அன்று நடந்தது சண்டையா? பெயருக்குத்தான் சண்டை. உண்மையில் ஒரு பக்கம் அடித்தது. மறுபக்கம் அடி வாங்கியது. ஆகவேதான் சரித்திரம் எழுதியவர்கள் அதைச் ‘சென்னை மீது குண்டு வீச்சு’ என்று எழுதினார்கள். ‘சென்னைச் சண்டை’ என்று எழுதவில்லை.

அதே எம்டன் நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகே ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க் கப்பலிடம் சிக்கியது. அங்கே இரண்டு கப்பலும் சுட்டன. முதலில் குறி தவறாமல் சுட்டது எம்டன்தான். ஆனால் சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. எம்டன் நொறுங்கிக் கரை தட்டியது. எம்டனில் 130-க்கும் மேற்பட்டவர் மாண்டனர். சிட்னியில் 4 பேர் மாண்டனர். இது சண்டை. பீரங்கிச் சண்டை.

ஒரே கப்பல். ஒரே பீரங்கி. செப்டம்பரில் செய்தது வேறு. நவம்பரில் செய்தது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால், அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒன்றாக்கிவிடுவோம்.

சூடு வேறு, சண்டை வேறு

நம் தமிழ் இந்த விஷயத்தில் மிகத் தெளிவான மொழி. ‘துப்பாக்கிச் சூடு’ என்கிறோம். ‘துப்பாக்கிச் சண்டை’ என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்று அல்ல.

சூடு என்றால் ஒரு பக்கம் சுட்டது. சண்டை என்றால் இரு பக்கமும் சுட்டது. பழைய பத்திரிகைகளில் ‘துப்பாக்கிப் பிரயோகம்’ என்று போடுவார்கள். அதுவும் சூடுதான்.

பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் பெரியவர்களைக் கேட்டால் பி. அண்ட் சி. மில் கதையைச் சொல்வார்கள். அந்தத் தொழிலாளிகளை வைத்துத்தான் 1918-ம் ஆண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் அதை வளர்த்தார்கள். 1921-ம் ஆண்டு அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. போலீசார் சுட்டார்கள். தொழிலாளிகள் மாண்டனர். அதைத் துப்பாக்கிச் சூடு என்றுதான் சொன்னார்கள்.

2018-ம் ஆண்டு மே 22-ந் தேதி தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து மக்கள் ஊர்வலம் போனபோது போலீசார் சுட்டார்கள். 13 பேர் உயிர் இழந்தனர். அதையும் தமிழ்நாடு துப்பாக்கிச் சூடு என்றே சொல்கிறது. துப்பாக்கிச் சண்டை என்று யாரும் சொல்லவில்லை. மக்கள் கையில் துப்பாக்கி இல்லையே!

இப்படி எழுத்து வாசனை அதிகம் இல்லாதவரும் சரியாகச் சொல்லும் சொல் நம்மிடம் இருக்கிறது. குழப்பம் எங்கே வருகிறது? ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும்போது வருகிறது.

‘என்கவுண்ட்டர்’ வந்த கதை

‘ஷூட் அவுட்’டுக்கு நம் நாட்டில் ஓர் அண்ணன் உண்டு. அதன் பெயர் ‘என்கவுண்ட்டர்’.

ஆங்கிலத்தில் இதற்கு முதல் பொருள், எதிர்ப்படுவது. எதிர்பாராமல் ஒருவரை ஒருவர் சந்திப்பது. கடைத் தெருவில் பழைய சிநேகிதரைப் பார்த்தால் அதுவும் என்கவுண்ட்டர்தான்! எதிரியைச் சந்தித்தால் மோதல். இந்தியாவில் இதற்குத் தனிப் பொருள் வந்துவிட்டது. போலீசாருக்கும் குற்றவாளிகளுக்கும் நடக்கும் மோதலில் ஒருவர் சுடப்பட்டுச் சாவது.

பம்பாயில் 1991-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, லோகண்ட்வாலா என்ற குடியிருப்பில் போலீசாருக்கும் ஒரு ரவுடிக் கும்பலுக்கும் பல மணி நேரம் சண்டை நடந்தது. 2007-ல் அது இந்திப் படம் ஆயிற்று. அந்தப் படத்தின் பெயரிலேயே ‘ஷூட் அவுட்’ இருந்தது. 2013-ல் அதே மாதிரி மற்றொரு படம் வந்தது. சொல் தெருவுக்கு வந்துவிட்டது.

வட சென்னைக்கும் இது புதிது அல்ல. 2024-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி, ஒரு கொலை வழக்கில் கைதாகி இருந்தவர் மாதவரம் பக்கம் போலீசாரால் சுடப்பட்டு இறந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, போலீசார் தேடி வந்த ஒருவர் வியாசர்பாடியில் சுடப்பட்டு இறந்தார். எங்களைச் சுட வந்தார், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று இரண்டு தடவையும் போலீஸ் தரப்பில் சொன்னார்கள்.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்.

இந்த மாதிரிச் செய்தியை நம் தெருவில் எப்படிச் சொல்கிறார்கள்? “அவனை என்கவுண்ட்டர் பண்ணிட்டாங்க” என்று சொல்கிறார்கள்.

‘அவனை’ என்கிறார்கள். ‘அவனோடு’ என்று சொல்லவில்லை.

சண்டை என்றால் எப்படிச் சொல்வோம்? ‘அவனோடு சண்டை போட்டார்கள்’. மோதல் என்றால்? ‘அவனோடு மோதினார்கள்’. ‘அவனைச் சண்டை போட்டார்கள்’ என்று எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான். ‘அவனை அடித்தார்கள்’, ‘அவனைச் சுட்டார்கள்’ என்றுதான் சொல்வான்.

பத்திரிகையில் என்கவுண்ட்டர் என்று இரண்டு பக்கத்துச் சொல்லைப் படிக்கிறோம். பேசும்போது அதை ஒரு பக்கத்துச் சொல் ஆக்கிவிடுகிறோம். நடந்தது இன்னது என்று தெரிந்து சொல்கிறோமா? இல்லை. விசாரணை தொடங்கும் முன்பே நம் வாய் தீர்ப்பு எழுதிவிடுகிறது! சிலர் அதைச் சந்தோஷமாகவும் சொல்கிறார்கள். அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

முதல் நாள் செய்தி

சுட்ட அன்றே உண்மை முழுவதும் தெரிந்துவிடாது. இதற்குச் சென்னைக் கதையே ஒன்று இருக்கிறது. மனதை உருக்கும் கதை.

2017-ம் ஆண்டு நவம்பரில் கொளத்தூரில் ஒரு நகைக் கடையில் கொள்ளை போயிற்று. மேல் தளத்தில் துளை போட்டு உள்ளே இறங்கிக் கொள்ளை அடித்தார்கள். கொள்ளையரைத் தேடிச் சென்னைப் போலீசார் ராஜஸ்தான் போனார்கள். டிசம்பர் 13-ந் தேதி விடிவதற்கு முன், பாலி மாவட்டத்தில் கொள்ளையர் தங்கி இருந்த இடத்துக்குள் புகுந்தார்கள். அந்தக் கலவரத்தில் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் குண்டு பாய்ந்து இறந்தார்.

கொள்ளையர் சுட்டுவிட்டார்கள் என்று முதல் நாள் செய்தி வந்தது. தமிழ்நாடே அழுதது. பிறகு ராஜஸ்தான் போலீசார் விசாரித்தார்கள். குண்டையும் துப்பாக்கியையும் ஒப்பிட்டார்கள். கூடப் போன அதிகாரி ஒருவருடைய துப்பாக்கியில் இருந்து, தவறுதலாக வெடித்த குண்டு அது என்று சொன்னார்கள்.

கடமைக்காகக் கண் காணாத ஊருக்குப் போய் உயிர் விட்டவர் அவர். அந்தப் பெருமை ஒரு துளியும் குறையாது. ஆனால் முதல் நாள் செய்தி மாறிவிட்டது. விசாரிக்காவிட்டால் அது மாறியே இருக்காது.

2019-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி ஐதராபாத் அருகே நடந்ததையும் பாருங்கள். ஓர் இளம் பெண் டாக்டரை ஈவு இரக்கம் இல்லாமல் கொன்ற வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீசார் சுட்டார்கள். “துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டார்கள். நாங்களும் சுட்டோம்” என்றார்கள். மக்கள் போலீசார் மீது பூத் தூவினார்கள். இனிப்பு வழங்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை அப்படி. யார் மனம்தான் கொதிக்காது?

சுப்ரீம் கோர்ட்டு விசாரணைக் கமிஷன் வைத்தது. நீதிபதி சிர்புர்கர் தலைவர். 2022-ல் கமிஷனின் அறிக்கை வெளியே வந்தது. செத்தவர்கள் சுடவில்லை, கொல்ல வேண்டும் என்றே அவர்களைச் சுட்டார்கள் என்று கமிஷன் கூறியது. 10 போலீசார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னது.

பூத் தூவிய அன்று அது ‘சண்டை’. கமிஷன் பார்த்த பிறகு அது ‘சூடு’.

அந்த நால்வரும்தான் குற்றவாளிகளா? இருக்கலாம். அதைக் கோர்ட்டு சொல்லி இருக்க வேண்டும். இனி எந்தக் கோர்ட்டும் சொல்ல வழி இல்லை.

சுப்ரீம் கோர்ட்டு போட்ட விதிகள்

போலீசாருக்குச் சுட உரிமை இல்லையா? உண்டு. தன் உயிரைக் காக்கவும், பிறர் உயிரைக் காக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்களுக்கும் எனக்கும் உள்ள தற்காப்பு உரிமை போலீசாருக்கும் உண்டு. ஆனால் ‘தற்காப்பு’ என்று சொன்னால் போதாது. காட்ட வேண்டும். தேசிய மனித உரிமை கமிஷன் 1997-ம் ஆண்டே இதை எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது.

2014-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு 16 விதிகளைப் போட்டது. தலைமை நீதிபதி லோதாவும் நீதிபதி நாரிமனும் வழங்கிய தீர்ப்பு அது. அதில் முக்கியமானவை:

சாவு நேர்ந்தால் வழக்குப் பதிவு செய்ய வேண்டும்.

சி.ஐ.டி. அல்லது வேறு போலீஸ் நிலையத்தார் விசாரிக்க வேண்டும். சுட்டவர்களே விசாரிக்கக் கூடாது.

மாஜிஸ்திரேட்டு விசாரணை கட்டாயம் நடக்க வேண்டும்.

பிரேத பரிசோதனையை இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும். அதைப் படம் பிடிக்க வேண்டும்.

இறந்தவரின் உறவினருக்குச் சீக்கிரம் தகவல் சொல்ல வேண்டும்.

சுட்ட துப்பாக்கியைப் பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டும்.

நடந்த உடனேயே பதவி உயர்வோ வீரப் பரிசோ கொடுக்கக் கூடாது.

இந்த விதிகள் யாருக்காக? ரவுடிக்காக மட்டுமா? இல்லை. உண்மையாகவே சுடப்பட்டு, உயிருக்குப் போராடித் திருப்பிச் சுட்ட போலீஸ்காரருக்கும் இவைதான் கவசம். நல்ல விசாரணை நடந்தால், “இவர் தற்காப்புக்காகவே சுட்டார்” என்று ஊர் அறியச் சொல்லலாம். விசாரணை இல்லாவிட்டால் ஆயுள் முழுவதும் சந்தேகம்.

தடியோடு நின்ற வீரர்

உண்மையான துப்பாக்கிச் சண்டைக்கு ஓர் உதாரணம் சொல்லாமல் முடிக்கக் கூடாது.

2008-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி இரவு பம்பாயில் பயங்கரவாதிகள் புகுந்தார்கள். கண்டவர்களை எல்லாம் சுட்டார்கள். அவர்களில் ஒருவன் கசாப். அவன் வந்த காரைச் சௌபாத்தி கடற்கரை அருகே போலீசார் மடக்கினார்கள். துக்காராம் ஓம்ப்ளே என்ற போலீஸ்காரர் கையில் தடி மட்டும் இருந்தது. கசாப்பின் துப்பாக்கிக் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குண்டுகள் அவர் உடம்பில் பாய்ந்தன. அவர் பிடியை விடவில்லை. மற்றவர்கள் பாய்ந்து கசாப்பை உயிரோடு பிடித்தார்கள்.

ஓம்ப்ளே இறந்தார். கசாப் கோர்ட்டில் நின்றான். எங்கிருந்து வந்தார்கள், யார் அனுப்பினார்கள் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு நடந்தது. 2012-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி அவனைத் தூக்கில் போட்டார்கள்.

செத்தவன் வாய் திறப்பது இல்லை. உயிரோடு பிடிபட்டவன்தான் உண்மையைச் சொல்வான். ஓம்ப்ளே தந்த பெரிய பரிசு அதுதான்.

பேரனுக்குப் பதில்

ஆகவே, அடுத்த முறை பத்திரிகையில் ‘ஷூட் அவுட்’ என்றோ ‘என்கவுண்ட்டர்’ என்றோ படித்தால், அவசரப்பட வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள்.

இரண்டு பக்கமும் சுட்டார்களா?

அப்படிச் சொன்னது யார்? ஒரு பக்கமா, இரு பக்கமுமா, விசாரித்தவரா?

விசாரணை நடந்ததா? அதன் முடிவு என்ன?

பதில் தெரிந்தால் சரியான சொல் தானாக வரும். இரு பக்கம் சுட்டது நிச்சயம் என்றால், துப்பாக்கிச் சண்டை. ஒரு பக்கம் மட்டும் சுட்டது என்றால், துப்பாக்கிச் சூடு. எதுவும் தெரியவில்லை என்றால், ‘போலீசார் சுட்டதில் ஒருவர் இறந்தார்’ என்று சொன்னால் போதும். அதில் பொய் கலக்காது.

வீட்டில் பிள்ளைகள் கேட்டால் அப்படியே சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் வெட்கம் இல்லை. காசிமேட்டுப் பெரியவர் அதைத்தான் செய்தார். “அதைப் போடலியேடா” என்று சொன்னாரே, அது நேர்மையான பதில்.

பையன் முதலில் கேட்டது, “யாரு ஜெயிச்சாங்க?” அது விளையாட்டுக் கேள்வி. அடுத்துக் கேட்டது, “அவங்களும் சுட்டாங்களா?” அது நியாயக் கேள்வி.

பத்து வயதுப் பையன் இரண்டு வாய் பன் தின்பதற்குள் முதல் கேள்வியில் இருந்து இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டான். நாமும் வரலாம்.